டிரைவர் வீட்டு நடை

டிரைவரின் வீட்டில் படுக்கையறைக்கும் சமையலறைக்கும் நடுவே இருந்த நடை, அவர் வேலையிலிருந்து நின்ற வருடத்தின் மழைக்காலத்தில் நீளத் தொடங்கியது. முதலில் ஓர் அடி. அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம். வெயில் காலம் வந்தபோது அவருடைய மனைவி, தெருவே தையல்காரம்மா என்று அழைத்தவள், மதியச் சாப்பாட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலையிலேயே கிளம்ப வேண்டியதாயிற்று. அந்தத் தெருவில் இதற்கு முன்பும் வீடுகள் விரிசல் விட்டிருக்கின்றன, சாய்ந்திருக்கின்றன. ஒரு வீட்டில் மாடிப்படி தானாகவே திசை மாறி அடுத்த வீட்டு மாடிக்குப் போய்ச் சேர்ந்ததும் உண்டு. அதனால் நடை நீண்ட செய்தியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும், வீடு பெரிதானால் வீட்டுவரி கூடுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்.

தூரம் கூடுவதை முதலில் கண்டுகொண்டவர் டிரைவர்தான். வாழ்நாளில் பாதியை ஒரே தடத்தில் பஸ் ஓட்டிக் கழித்தவர். முன்னால் போகிற வண்டிக்கும் தன் வண்டிக்கும் உள்ள இடைவெளியைக் கண்ணால் அளக்கிறவனுக்கு லைசென்ஸே கொடுக்கக் கூடாது, அடிவயிற்றால் அளக்க வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த அடிவயிறுதான் ஒரு நாள் காலையில் அவருக்குச் சொன்னது. கட்டிலில் உட்கார்ந்து பார்த்தால் தெரிகிற சமையலறை வாசற்படி, நேற்று இருந்த இடத்தில் இல்லை. மனைவியிடம் சொன்னார். "நடை நீண்டுக்கிட்டே வருது." அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்வியிருந்தாள். அவற்றை எடுக்காமலே பதில் சொன்னாள். "நடை நீளல. உங்க நடைதான் குறைஞ்சு போச்சு." அப்போதைக்கு அது நல்ல பதிலாகத்தான் இருந்தது. ஆனால் வெட்டுத் துணிகளை இணைத்து அவள் தைத்துப் போட்டிருந்த நீளமான விரிப்பு ஒன்று அந்த நடையில் கிடந்தது. இரண்டு முனையும் இரண்டு நிலைப்படிகளைத் தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வாரம் பார்த்தபோது அது சமையலறைக்கு எட்டாமல் நின்றது. துணி சுருங்கும் என்று தையல்காரிக்குத் தெரியும். இவ்வளவு சுருங்காது என்றும் தெரியும்.

நோய் அதற்கு முன்பே வந்துவிட்டிருந்தது. மூட்டுவாதம் என்றார்கள். முதலில் விரல்களைப் பிடித்தது, பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கால். கூடவே சர்க்கரையும் வந்து ஒட்டிக்கொண்டது, அழைக்காமல் விருந்துக்கு வந்து ஒரு மாதம் தங்கிவிடுகிற தூரத்துச் சொந்தம் மாதிரி. ஒரு நாள் காலையில் பயணிகள் ஏறி உட்கார்ந்த பிறகு, ஸ்டியரிங்கைச் சுற்றி அவர் விரல்கள் மடங்க மறுத்தன. அவர் எஞ்சினை அணைத்தார், இறங்கினார், "வேற ஆளைக் கூப்பிடு" என்று கண்டக்டரிடம் சொல்லிவிட்டு, அதே பஸ்ஸின் கடைசி சீட்டில் பயணியாக உட்கார்ந்து வீடு வந்து சேர்ந்தார். அதன் பிறகு நோய், அவசரமே படாத திருடனைப் போல, வீட்டிலிருந்து ஒவ்வொன்றாகக் கொண்டுபோனது. ஒரு மாதம் சட்டைப் பொத்தான்கள் போயின. மனைவி பொத்தானை எடுத்துவிட்டு ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்தாள். இன்னொரு மாதம் தண்ணீர் பாட்டிலின் மூடி. அப்புறம் செருப்பு வார், சவர பிளேடு, கையெழுத்து. எல்லாவற்றுக்கும் அவள் ஏதோ ஒரு மாற்று கண்டுபிடித்தாள். எழுந்திருக்க வேண்டும் என்கிற எண்ணம் போனபோது மட்டும் அவளிடம் மாற்று இல்லை. அது எப்போது போனது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அதைத் துக்கம் என்று சொல்ல முடியாது. துக்கத்துக்காவது ஒரு முகம் உண்டு, ஒரு காரணம் உண்டு. இதற்கு எதுவும் இல்லை. காலையில் கண் விழித்ததும், மூட்டுகள் மரக்கட்டையாக இறுகிக் கிடக்கும்போதே, உலகம் கையெட்டாத தூரத்துக்கு விலகிப் போயிருக்கும். பல் தேய்ப்பது ஒரு பயணம். சட்டை மாற்றுவது இன்னொன்று. அவருக்கு எதுவும் பிடிக்காமல் போகவில்லை. எதுவும் கிட்டே வரவில்லை, அவ்வளவுதான். கழிப்பறை மட்டும் படுக்கையறைக்குள்ளேயே, இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த மட்டுக்கும் வீட்டுக்கு மனசில் ஈரம் இருந்தது.

கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து காட்டினார்கள். அவர் வீட்டை வெளியே அளந்தார், உள்ளே அளந்தார். வெளியே கட்டினபோது இருந்த அளவேதான். உள்ளே அளக்கப் போனவர் மாலையில்தான் திரும்பிவந்தார். டேப் போதவில்லை என்றார். முகவாயைச் சொறிந்தபடி டீயைக் குடித்துவிட்டு, இது சிமென்ட்டால் ஆகிற காரியம் இல்லை என்று சொல்லிப் போனார். விளக்குப் போட வந்த எலக்ட்ரீஷியன் பாதி நடையோடு நிறுத்திக்கொண்டார். அவருக்கு வயர் தீர்ந்துவிட்டது. படுக்கையறை ஜன்னல் பின்பக்கத்துச் சந்துப் பக்கம் பார்த்து இருந்ததால், தையல்காரம்மா ஒரு தடவை புத்திசாலித்தனமாக வெளியே சுற்றிக்கொண்டு போய்க் கம்பி வழியாக எட்டிப் பார்த்தாள். உள்ளே அறை இருந்தது, கட்டிலும் இருந்தது, படுக்கை சுருட்டி வைத்திருந்தது. ஆள் இல்லை. பெயரைச் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லாதவள் அன்று பெயரைச் சொல்லியே கூப்பிட்டுப் பார்த்தாள். அதோடு குறுக்குவழி தேடுவதை விட்டுவிட்டாள். அவரிடம் போக வேண்டுமானால் நடை வழியாகத்தான் போக வேண்டும்.

போனாள். ஒவ்வொரு நாளும், விடிந்ததும் சமைத்து, முன்னறையில் தையல் மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, தெருவில் போடுகிற செருப்பை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு கிளம்புவாள். மதியச் சாப்பாடு, ராத்திரிக்கு, மறுநாள் காலைக்கு என்று பையில் பாத்திரம் மேல் பாத்திரமாக இருக்கும். நடையின் நடுப்பகுதியில் காற்று வீசும். சில மாதங்களில் அங்கே புழுக்கம் அதிகம். ஒரு குடையும் எடுத்துப்போகப் பழகிக்கொண்டாள். டிரைவர் கட்டிலில் உட்கார்ந்து அவள் வருவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். முதலில் ஒரு புள்ளி. பிறகு பையின் நிறம். பிறகு அந்த நடை, வலதுகாலைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்துவைக்கிற அவளுடைய நடை. அந்த இடம் வரும்போது அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து அவளுக்கு இடம் விடுவார். பக்கத்தில் வந்து உட்காரும்போதோ அவள் பேசத் தெம்பில்லாமல் இருப்பாள். அவர் சாப்பிடுவார், அவள் அவர் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவாள், பாத்திரங்களைக் கழுவி அடுக்குவாள். பள்ளிக்கூடச் சீருடைகள் தைக்காமல் கிடக்கின்றன என்பதால் வெயில் தாழ்வதற்குள் திரும்பக் கிளம்பியாக வேண்டும். அவள் இல்லாத நேரத்தைவிட அவள் பக்கத்தில் இருந்த அந்த நேரத்தில்தான் அவருக்கு அவள்மேல் ஏக்கம் அதிகமாக இருந்தது. திரும்பிப் போகிற வழி அப்போதே அவள் பாதங்களில் ஏறி உட்கார்ந்திருக்கும்.

"நாளைக்கு வராதே," என்பார்.

"வராம? பட்டினி கெடப்பீங்களா?"

"ஒரு நாள் கெடந்தா செத்தா போயிடுவேன்."

"அதுக்கும் நான்தான் நடந்து வரணும்," என்பாள் அவள். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் போன பிறகு அவர் காதைத் தீட்டிக்கொண்டு கிடப்பார். இருட்டுகிற நேரத்தில் தையல் மெஷின் சத்தம் வரும். அடுத்த ஊரில் போகிற ரயில் மாதிரி அவ்வளவு மெல்லியதாக. அவள் காலையில் தாளித்த வெங்காய வாசனை அந்த நேரத்துக்குத்தான் அவர் அறைக்கு வந்து சேரும். அந்த வாசனையை மூச்சில் பிடித்துக்கொண்டு, வேலையில் இருந்த காலத்தை நினைப்பார். அவர் பஸ் இந்தத் தெருமுனையைக் கடக்கும்போது ஹாரனை ஒரு தட்டு, ஒரே ஒரு தட்டு தட்டுவார். முன்னறையில் தைத்துக்கொண்டிருப்பவள் தலையை நிமிர்த்தாமல் இடதுகையை மட்டும் உயர்த்துவாள். பஸ்ஸில் இருக்கிற யாருக்கும் தெரியாது. கண்டக்டருக்கு மட்டும் தெரியும், அவர் வேறு பக்கம் பார்த்துக்கொள்வார். அந்த நாட்களில் அவர் அவளை நாளுக்கு எத்தனை தடவை கடந்து போனார் என்பதை இப்போது நினைத்தால் பொறாமையாக இருந்தது. தன் மேலேயே பொறாமை.

நாலு பேர் நாலு விதமாகச் சொன்னார்கள். மனசு வைத்தால் மலையையும் நகர்த்தலாம் என்றார் ஒருவர். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்றார் மனைவியின் அண்ணன், வாசலில் நின்றபடி, செல்போனில். "அம்மி நகந்து என்ன செய்ய, நான் இல்ல நகரணும்," என்றார் டிரைவர். அவர் முயன்று பார்க்காமலும் இல்லை. இன்றைக்கு எழுந்து நடந்தே தீருவது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உறுதி எடுத்த நாட்களில், நடை கண்ணெதிரே இன்னும் கொஞ்சம் நீண்டது. அதைப் பார்த்த பிறகு உறுதி எடுப்பதை நிறுத்திக்கொண்டார்.

வேறு ஊரில் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை பார்த்த மகள் லீவு போட்டுக்கொண்டு வந்தாள். உயரமான செருப்போடு நடையில் இறங்கியவள், கொஞ்ச தூரத்திலேயே அதைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டாள். அப்பாவின் அறைக்கு வந்து சேர்ந்தபோது அழுகையும் கோபமுமாக இருந்தாள். "அப்பா, எங்க வீட்டுக்கு வந்துடுங்க. லிஃப்ட் இருக்கு, எல்லாம் ஒரே தளம்." அவர் அவளுடைய வீங்கிப்போன பாதங்களைப் பார்த்தார். "அங்க வந்தா மட்டும்? எனக்கும் உனக்கும் நடுவுல இதே மாதிரி ஒண்ணு முளைக்கும்மா. அங்க உங்கம்மா வேற இருக்க மாட்டா." மகள் வாதாடவில்லை. அவள் படித்தவள், விவரமானவள். போகிற வழியில் அம்மாவிடம் டாக்டர் ஒருவரின் நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த டாக்டரம்மா ஒரு வியாழக்கிழமை வந்தார். நடு வயது, கான்வாஸ் ஷூ, முதுகில் மாட்டுகிற பை. நண்பகலில் வந்து சேர்ந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மூச்சு சீராகும்வரை காத்திருந்தார். பிறகு அவர் விரல்களையும் முட்டிகளையும் அமுக்கிப் பார்த்தார், பாதங்களை விளக்கடித்துப் பார்த்தார். எல்லாம் முடிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டார். "எப்ப ரொம்ப நீளமா இருக்கும் சார்? காலையிலயா, சாயங்காலமா?" டிரைவருக்குச் சட்டென்று கண் கலங்கிவிட்டது. ஏன் நீண்டது, எதற்காக நீண்டது, நிஜமாகவே நீண்டதா என்றெல்லாம் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எப்போது என்று யாரும் கேட்டதில்லை. "காலைலதான். விடிஞ்சதும் பார்த்தா அந்தக் கதவே தெரியாது. பொழுது சாயச் சாயக் கொஞ்சம் கிட்ட வரும்." டாக்டர் தலையை ஆட்டினார். அப்படித்தான் இருக்கும் என்றார். இதற்கு மனச்சோர்வு என்று பெயர், மூட்டுவாதக்காரர்களுக்கு இது கூடவே வருவது உண்டு, இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். மூட்டுக்கு ஒரு மாத்திரையை மாற்றினார், மற்றதற்கு ஒன்று புதிதாகக் கொடுத்தார். "இது தூரத்தைக் குறைக்காது சார். கெளம்பலாமான்னு ஒரு நெனப்பு வரும், அவ்வளவுதான். அதுக்கே சில வாரம் ஆகும். நடுவுல நிறுத்திடாதீங்க." போகும்போது திரும்பி நின்று, தான் வந்த வழியை ஒரு பார்வை பார்த்தார். "எங்கம்மா வீட்டுல இதவிட நீளம்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

உள்ளே போன மாத்திரை கிணற்றில் போட்ட கல்லாகவே கிடந்தது, பல வாரங்கள். இதற்கிடையில் பழைய கண்டக்டர் அவரைப் பார்க்க வந்தார். இருவரும் ஒரே பஸ்ஸில் இத்தனை வருடம் ஓடியவர்கள். ஒருவர் முன்னால் பார்த்துக்கொண்டும் மற்றவர் பின்னால் பார்த்துக்கொண்டும் இருந்ததால் சண்டை வராமல் இருந்த சிநேகம் அது. கண்டக்டருக்கும் வயதாகிவிட்டது, மூச்சு வாங்கும். நடையில் பல இடங்களில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்து சேர்ந்தார். "ஏன் டிரைவரே, நம்ம ரூட்டை என்னைக்காவது ஒரே மூச்சுல ஓட்டியிருக்கோமா?" என்றார். "இங்க ஒரு ஸ்டாப்பிங்கூட இல்லையே. உக்காரக்கூட ஒண்ணு இல்ல. இப்படி ஒரு ரோட்டப் போட்டவன் எவன்?" மறுவாரம் தையல்காரம்மாவும் அவருமாகக் கிடைத்த நாற்காலிகளையும் ஸ்டூல்களையும் நடையில் அங்கங்கே போட்டார்கள். முன்னறையில் துணி கொடுக்க வருகிறவர்கள் உட்கார்கிற பெஞ்சையும் தூக்கி வந்து, காற்று வீசுகிற இடத்தில் வைத்தார்கள். டிரைவர் அதையெல்லாம் கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். நன்றி சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. நாற்காலிகள் சும்மா கிடந்தன. கண்டக்டர் அதற்குப் பிறகு வர முடியவில்லை. மகன் வீட்டோடு போய்விட்டார்.

சும்மா கிடக்கவில்லை என்பது டிரைவருக்கு ஒரு மாலையில் தெரிந்தது. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் நடை வழக்கத்தைவிடக் கொஞ்சம் உள்வாங்கியிருந்தது. திரும்பிப் போகிற மனைவி வெகு தொலைவில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. அவரால் பார்க்க முடியும் என்று அவளுக்குத் தெரியாது. பை தரையில் கிடந்தது. இரண்டு கைகளாலும் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். அப்படியே வெகுநேரம் இருந்தாள். அவர் முன்னால் ஒருநாளும் அவள் காலைப் பிடித்துக்கொண்டதில்லை. பிறகு எழுந்து, கொஞ்சம் தள்ளாடி, சுவரோரமாகப் போனாள். அன்றிரவு டிரைவர் சரியாகத் தூங்கவில்லை. தூக்கம் வராததற்கு ஒரு காரணம் இருந்தது என்பதே அவருக்கு ரொம்ப நாளைக்குப் பிறகு நடந்த புதுச் சங்கதி.

அதற்குச் சில வாரங்கள் கழித்து ஒரு சாயங்காலம் மெஷின் சத்தம் கேட்கவில்லை. மறுநாள் விடிந்து நெடுநேரம் ஆகியும் நடையில் புள்ளி தோன்றவில்லை. அவர் உள்ளங்கையால் அழுத்திச் செல்போனை எடுத்தார். வெளிநாட்டுக்குப் பேசுவது மாதிரி, சொன்னது போய்ச் சேரவும் பதில் வரவும் நேரமாகும்.

"என்னங்க, நேத்து கொண்டாந்ததுல மிச்சம் இருக்கில்ல? அத சாப்பிடுங்க. நான் நாளைக்கு வரேன்."

"என்ன ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. கொஞ்சம் கிறுகிறுப்பு. உடம்பு சுடுது. படுத்தா சரியாயிடும்."

"தண்ணி குடிச்சியா?"

அந்தக் கேள்வி போய்ச் சேர்வதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைவிடப் பதில் வருவதற்கு அதிக நேரமானது. "குடிக்கறேன், குடிக்கறேன்," என்றாள். குடிக்கவில்லை என்று அவருக்குத் தெரிந்தது. மகளுக்குப் போன் செய்தார். அவள் பதறிப்போய் அடுத்த பஸ்ஸைப் பிடிப்பதாகச் சொன்னாள். வந்து சேர மறுநாள் ஆகும். எதிர்வீட்டுக்காரர் குடும்பத்தோடு ஊருக்குப் போயிருந்தார்.

அது காலை நேரம். நடை அதன் முழு நீளத்துக்கும் நீண்டு கிடந்த நேரம். சமையலறைக் கதவு இருக்கிறதா என்பதே நிச்சயமில்லை. டிரைவர் கட்டிலின் விளிம்புக்கு வந்து, கால்களைத் தரையில் வைத்து, அவை தன்னுடையவையாக ஆகும்வரை காத்திருந்தார். மாத்திரைகளைப் போட்டுக்கொண்டார். நேற்றைய சாப்பாட்டில் கொஞ்சம் சாப்பிட்டார், மீதியை ஒரு துணியில் கட்டிக்கொண்டார். வார் இல்லாத செருப்பை மாட்டினார். இந்தத் தடவை எந்த உறுதியும் எடுக்கவில்லை. மனசு வைக்கவும் இல்லை. மனசு அன்றைக்கும் கட்டிலிலேயே படுத்துக்கொண்டுதான் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினார்.

முதல் நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் பனியன் நனைந்துவிட்டது. உட்கார்ந்தார். அதில் அவள் ஒரு மெத்தை தைத்துப் போட்டிருந்தாள், சீருடைத் துணியின் நீலத்தில். பஸ் ஓட்டுகிற பழக்கத்தில் அடுத்த நாற்காலியை மட்டும் பார்த்தார், கடைசி ஸ்டாப்பிங்கை யாரும் முதலிலேயே பார்ப்பதில்லை. அடுத்ததற்குப் போகும் வழியில் முழங்கால் மடங்கியது. விழாமல் இருக்கச் சுவரைப் பிடித்தார். பிடித்த இடம் வழவழவென்று இருந்தது. நிமிர்ந்து பார்த்தார். வெள்ளைச் சுவரில், இடுப்புக்குக் கொஞ்சம் மேலே, மங்கலான பழுப்புக் கோடு ஒன்று ஓடியது. அவர் நின்ற இடத்திலிருந்து பின்னாலும் கொஞ்சம் போனது, முன்னால் கண்ணுக்கு எட்டியவரை போனது. யாரோ வரைந்தது இல்லை. ஒரு கை, போகும்போதும் வரும்போதும் ஊன்றி ஊன்றி, தினமும் ஊன்றி, எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து படிந்த கோடு. கட்டில் அருகே வரும்போது மட்டும் கோடு நின்றுவிடுவதைத் திரும்பிப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிற இடம் வந்ததும் அவள் சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டிருக்கிறாள். அந்தக் கடைசிக் கொஞ்ச தூரத்தை, அவர் பார்க்கட்டும் என்று, கையூன்றாமல் நிமிர்ந்து நடந்திருக்கிறாள்.

அவர் அந்தக் கோட்டின் மேல் தன் கையை வைத்தார். மடங்காத விரல்கள் சுவருக்கு வசதியாகவே இருந்தன. கோட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நாற்காலி வந்தால் உட்கார்ந்தார், எழ முடியும்போது எழுந்தார். ஒரு ஸ்டூலுக்கு அடியில் அவள் எப்போதோ வைத்திருந்த தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துத் திறந்தார். காற்று வீசுகிற இடத்தில் பெஞ்சில் படுத்துக் கொஞ்சம் கண்ணயர்ந்தார். எலக்ட்ரீஷியன் நிறுத்திய இடத்தில் முதல் விளக்கு வந்தது. அதன் கீழே நின்று மூச்சு வாங்கியபோது, தூரத்தில் தட்டு விழுகிற சத்தம் போல ஏதோ கேட்டது. வீட்டுச் சத்தம். பொழுது சாயத் தொடங்கியதும் நடை தன் வழக்கப்படி கொஞ்சம் உள்வாங்கியது. அவருக்காக என்று சொல்ல முடியாது, அது எல்லா நாளும் செய்கிறதுதான். ஜன்னல்களில் மஞ்சள் வெயில் இருக்கும்போதே அவர் சமையலறைப் படியைத் தாண்டி, முன்னறைக்குள் போனார்.

அவள் தைத்து முடிக்காத சீருடைகளுக்கு நடுவே தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். முகம் சிவந்து, உதடு காய்ந்து போயிருந்தது. அவர் இவ்வளவு பக்கத்தில், இந்த அறையில், அவளைப் பார்த்து ரொம்ப காலமாகியிருந்தது. காதோர முடி முழுக்க நரைத்திருந்தது. அவரிடம் வரும்போதெல்லாம் அதை முந்தானையால் மூடியிருப்பாள் போலிருக்கிறது.

"யாரு?" என்றாள் கண்ணைத் திறக்காமல்.

"நான்தான்."

கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். பிறகு, "எப்படி வந்தீங்க?" என்றாள்.

"வேற எப்படி. நடந்துதான்."

"சாப்டீங்களா?"

அவர் துணியை நனைத்து அவள் நெற்றியில் போட்டார். டம்ளரை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவே பிடித்துத் தண்ணீர் கொடுத்தார். பாதி அவள் கழுத்தில் வழிந்தது. சமையலறைக்குப் போய் டீ போட்டார். எந்தப் பொருளும் அவர் நினைத்த இடத்தில் இல்லை, அவர் இல்லாமலே அந்தச் சமையலறை பல தடவை மாறியிருந்தது. அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு வாய் குடித்துவிட்டு அவரைப் பார்த்தாள்.

"சர்க்கரை போடலையா?"

"டப்பாவத் திறக்க முடியல."

"எனக்கும் முடியறதில்ல," என்றாள் அவள். "கத்தரிக்கோலால நெம்பித்தான் திறப்பேன்." இதைச் சொல்லிவிட்டு அழுதாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் போகிற அவசரம் இரண்டு பேருக்கும் இல்லை.

மறுநாள் மகள் வந்து பார்த்தபோது அப்பா முன்னறையில் இருந்தார். அவள் இருவருக்கும் மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாரத்தில் காய்ச்சல் இறங்கியது. அம்மாவின் முழங்காலையும் டாக்டரம்மாவிடம் காட்டினார்கள். முன்னறையில் மெஷினுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கட்டில் வாங்கிப் போட்டார்கள். பழைய படுக்கையறைக்கு அப்புறம் யாரும் போகவில்லை. போய்ப் பார்க்கலாம் என்று பேசுவதோடு சரி.

டிரைவர் குணமாகிவிட்டார் என்று தெருவில் சொல்லிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மூட்டுவாதம் போகிற நோய் இல்லை, இருக்கிற நோய். மற்றதும் அப்படித்தான், ஒதுங்கி நிற்கும், திரும்ப வரும். நல்ல நாட்களில் முன்னறை வெறும் முன்னறையாக இருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் வெட்டிப்போட்ட துணிகளை உள்ளங்கையால் நீவி அடுக்குவார். அவள் வாயில் குண்டூசிகளோடு ஏதாவது சொல்வாள், அவர் பாதியைப் புரிந்துகொள்வார். மோசமான நாட்களில், மழைக்காலத்துக் காலைகளில் முக்கியமாக, கட்டிலுக்கும் தையல் மெஷினுக்கும் நடுவே இருந்த நாலு எட்டுத் தரை நீளும். வயல் அகலம் நீளும், சில சமயம் ஓர் ஊர் தூரம்கூட. அந்தப் பக்கத்தில் அவள் கைவிரல் அளவுக்குச் சிறுத்துப்போய்த் தைத்துக்கொண்டிருப்பாள். அப்போது இரண்டு பேரில் யாருக்கு அன்று முடிகிறதோ அவர் கிளம்புவார். இருவருக்கும் முடியாத நாளில் அவரவர் இடத்தில் இருந்துகொண்டு பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

அப்படி அறை நீண்டு கிடந்த ஒரு நாள், தன் மகளுக்குச் சட்டை தைக்க அளவு கொடுக்க வந்த ஒரு பெண், வாசலில் நின்றபடி அறையின் அந்தக் கோடியைப் பார்த்தாள். மிகத் தொலைவில் யாரோ ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு, நின்று நின்று வந்துகொண்டிருந்தார்.

"யாருங்க அது, அங்க?"

"எங்க வீட்டுக்காரர்."

"எங்க போறார்?"

"இங்கதான் வர்றார்."

"வந்து சேர நேரமாகும் போலிருக்கே?"

தையல்காரம்மா அந்தத் திசையை ஒரு தடவை, கொஞ்சம் அதிக நேரமாகவே, பார்த்தாள். "சாயங்காலம் ஆகும்," என்றாள். பிறகு டேப்பைக் கழுத்திலிருந்து எடுத்து, "புள்ளய இப்படி நேரா நிக்கச் சொல்லுங்க," என்றாள்.